டெக் நிறுவனத்தில் சேல்ஸ் வேலை: டார்கெட் அழுத்தத்தோடு வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

மென்பொருள், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று எதை விற்கும் நிறுவனமாக இருந்தாலும் சேல்ஸ் டீமின் வாழ்க்கை ஒரே தாளத்தில்தான் ஓடும். காலாண்டு தொடங்கும்போது ஒரு எண் தலையில் ஏறும். 13 வாரத்தில் அதைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்துவிட்டால் கைதட்டல் கிடைக்கும், மறுநாள் காலையில் கணக்கு பூஜ்யத்தில் நிற்கும்.

அந்த வேலையில் சேரப் போகிறவர்களுக்கும், சேர்ந்து ஓராண்டில் மூச்சு வாங்குகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பேச்சு சாமர்த்தியம் பற்றி இதில் அதிகம் இருக்காது. இந்த வேலையின் அழுத்தத்தில் பெரும்பங்கு, தன்னுடைய டீல்கள் உண்மையில் எந்த நிலையில் இருக்கின்றன என்பது தெரியாததால் வருகிறது என்பது என் கருத்து. அந்தப் பங்கைக் குறைக்கலாம். மீதி, நிறுவனம் போட்டு வைத்திருக்கும் திட்டத்திலேயே இருக்கிறது. அதைக் குறைக்க நம்மால் ஆகாது, ஆனால் சேரும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

படி 1: கையெழுத்திடும் முன் கமிஷன் திட்டத்தைப் படியுங்கள்

சேல்ஸ் வேலையில் சம்பளம் இரண்டு துண்டாக வரும். ஒன்று நிலையானது, மற்றது டார்கெட்டைத் தொட்டால் கிடைக்கும் கமிஷன். இரண்டையும் கூட்டி ‘ஓ.டி.இ.’ என்று ஒரு பெரிய தொகையை ஹெச்.ஆர். சொல்வார். டீலை முடிக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பெரும்பாலும் பாதிக்குப் பாதி. லீட், அதாவது வாங்க வாய்ப்புள்ளவர்களைத் தேடித் தரும் எஸ்.டி.ஆர். வேலையில் நிலையான பகுதி கூடுதலாக இருக்கும். அந்தப் பெரிய தொகையை நம்பிக் கடன் தவணை எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். நிலையான பகுதி மட்டும் வந்தால் மாதம் ஓடுமா என்று பாருங்கள். ஓடாது என்றால், வேலையின் அழுத்தத்தோடு வீட்டின் அழுத்தமும் முதல் மாதமே சேர்ந்துகொள்ளும்.

அடுத்து, கமிஷன் திட்டத்தை எழுத்தில் கேளுங்கள். “சேர்ந்த பிறகு தருகிறோம்” என்றால், போன ஆண்டுத் திட்டத்தையாவது காட்டச் சொல்லுங்கள். அதில் முதலில் பார்க்க வேண்டியது, கமிஷன் எப்போது கைக்கு வரும் என்பது. வாடிக்கையாளர் கையெழுத்திட்டதுமா, இன்வாய்ஸ் போனதுமா, அல்லது அவர் பணம் கட்டிய பிறகா? இந்த மூன்றுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி விழும். குறைந்தபட்ச வரம்பு ஏதாவது இருக்கிறதா என்றும் பாருங்கள். சில திட்டங்களில் டார்கெட்டில் பாதியைத் தொடாவிட்டால் கமிஷன் சுத்தமாக இல்லை. நூறு சதவீதத்தைத் தாண்டிய பிறகு விகிதம் ஏறுகிறதா, அல்லது ‘இதற்கு மேல் கிடையாது’ என்று உச்சவரம்பு போட்டிருக்கிறார்களா? வாடிக்கையாளர் ஆறு மாதத்தில் விலகினால் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா? ஆரம்ப மாதங்களில் தரும் முன்பணம் பிறகு கழித்துக்கொள்ளப்படுமா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. ‘கியாரண்டி’ என்று காதில் விழுந்தது கடன் என்று பின்னால்தான் தெரியவரும்.

இன்டர்வியூவில் மூன்று கேள்விகள் அவசியம். கடந்த ஆண்டு இந்த டீமில் எத்தனை பேர் டார்கெட்டைத் தொட்டார்கள்? எனக்குத் தரப்போகும் டெரிட்டரியை (விற்பனைப் பகுதியை) முன்பு பார்த்தவர் இப்போது எங்கே? நீங்கள் எதிர்பார்க்கும் லீட்களில் எத்தனை பங்கை மார்க்கெட்டிங் தரும், எத்தனை பங்கை நானே தேட வேண்டும்? எண்ணோடு பதில் வந்தால் நல்லது. “நம்மகிட்ட உழைக்கிறவங்களுக்கு வானமே எல்லை” என்ற வகைப் பதில் வந்தால், தொட்டவர்கள் அதிகமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆளுக்கு ஒரு டார்கெட் என்ற இந்தக் கோட்டா முறை ஒன்றும் டெக் உலகம் கண்டுபிடித்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தை நடத்திய ஜான் பேட்டர்சன், விற்பனையாளருக்குத் தனிப் பகுதி, தனிக் கோட்டா, மனப்பாடம் செய்து பேச வேண்டிய வசனம் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தார். அவரிடம் வேலை பழகிய தாமஸ் வாட்சன் பிறகு ஐ.பி.எம். நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார், கோட்டாவைத் தொட்டவர்களுக்கு அங்கே ‘ஹண்ட்ரட் பர்சென்ட் கிளப்’ என்று ஒரு தனி மரியாதையே இருந்தது. உங்கள் அலுவலகச் சுவரில் தொங்கும் லீடர்போர்டும் அதே வழி வந்ததுதான்.

உங்கள் டார்கெட் எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனம் முதலீட்டாளர்களுக்கு ஒரு எண்ணைச் சொல்லியிருக்கும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக சேல்ஸ் தலைவருக்குப் போகும், அவர் இன்னும் கொஞ்சம் கூட்டி மேனேஜர்களுக்குப் பிரிப்பார், மேனேஜரும் தன் பங்குக்குக் கூட்டுவார். யாராவது தவறினாலும் மொத்தம் தவறக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. அதனால் டீமில் சிலர் டார்கெட்டைத் தொடமாட்டார்கள் என்பது திட்டம் போடும்போதே கணக்கில் இருக்கிறது. ஒரு காலாண்டு தவறியதும் ‘நான் இதற்கு லாயக்கில்லை’ என்று முடிவு கட்டுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

படி 2: முதல் 90 நாள்

பெரும்பாலான நிறுவனங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்கு டார்கெட்டைக் குறைத்துத் தரும். எவ்வளவு குறைவு, எத்தனை மாதம் என்பது மெயிலில் இருக்கட்டும், வாய்மொழியாக வேண்டாம்.

இந்த நாட்களில் எல்லோரும் செய்வது, டீமின் நட்சத்திரத்தின் கால் ரெக்கார்டிங்குகளைக் கேட்பது. கேளுங்கள், ஆனால் தோற்ற டீல்களின் ரெக்கார்டிங்குகளையும் கேளுங்கள். எந்த நிமிடத்தில் எதிர்முனையில் ஆர்வம் போனது என்பது அதில் பளிச்சென்று தெரியும். அப்புறம் சப்போர்ட் டீமில் ஒருவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். பொருள் எங்கே உடைகிறது, வாடிக்கையாளர் எதற்காகக் கத்துகிறார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். எதை வாக்குக் கொடுக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள இதைவிடக் குறுக்கு வழி கிடையாது.

படி 3: எண்ணைப் பின்னோக்கிப் பிரியுங்கள்

இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாள் போதும்.

காலாண்டு டார்கெட் 60 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் டீமின் சராசரி டீல் 5 லட்சம். அப்படியானால் 12 டீல் முடிய வேண்டும். தகுதியானவை என்று நீங்கள் பதிவு செய்யும் வாய்ப்புகளில் ஐந்தில் ஒன்று முடிகிறது என்றால், 60 வாய்ப்புகள் தேவை. முதல் மீட்டிங்குகளில் பாதிதான் வாய்ப்பாக மாறும் என்றால், 120 மீட்டிங்குகள். 13 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு ஒன்பது.

இப்போது மலைப்பாக இருந்த 60 லட்சம், வாரத்துக்கு ஒன்பது மீட்டிங் என்று ஆகிவிட்டது. இந்த ஒன்பதை நாளைக் காலை முதல் செய்ய முடியும்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. முதல் மீட்டிங்கிலிருந்து கையெழுத்து வரை சராசரியாக எத்தனை நாள் ஆகிறது? 90 நாள் என்றால், இந்தக் காலாண்டில் முடிய வேண்டிய டீல்களின் முதல் மீட்டிங் போன காலாண்டிலேயே நடந்திருக்க வேண்டும். இன்று போடும் மீட்டிங் அடுத்த காலாண்டுக்கான விதை. ஒரு மோசமான காலாண்டை அடுத்து இன்னொன்றும் மோசமாகப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கடைசி மாதம் முழுக்க டீல்களை மூடுவதிலேயே ஓடிவிடுகிறது, புதிய மீட்டிங் ஒன்றும் போடுவதில்லை, பிறகு காலி பைப்லைனோடு, அதாவது நடப்பில் எந்த வாய்ப்பும் கையில் இல்லாமல், புதிய காலாண்டு பிறக்கிறது.

“டார்கெட்டைப் போல் மூன்று மடங்கு பைப்லைன் இருந்தால் போதும்” என்று எல்லா அலுவலகத்திலும் சொல்வார்கள். மூன்றில் ஒன்று முடிகிறவருக்குத்தான் அது பொருந்தும். மேலே உள்ள கணக்கில் ஐந்தில் ஒன்றுதான் முடிகிறது. அவருக்கு ஐந்து மடங்கு, அதாவது 300 லட்சம் வேண்டும். மூன்று மடங்கு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தால் கடைசி வாரத்தில் இடி விழும்.

எந்தத் திருகைத் திருப்பினால் சுமை குறையும் என்பதையும் இதே தாளில் பார்க்கலாம். ஐந்தில் ஒன்று என்பது நான்கில் ஒன்று ஆனால் 120 மீட்டிங் 96 ஆகக் குறைகிறது. சராசரி டீல் 5 லட்சத்திலிருந்து 6 லட்சமானால் 100 போதும். “இன்னும் நிறைய கால் பண்ணுங்க” என்பது மேனேஜர்களின் நிரந்தர மருந்து. சில சமயம் சரியான மருந்துதான். ஆனால் உங்கள் பலவீனம் டெமோவுக்குப் பிறகு டீல் காணாமல் போவதாக இருந்தால், கூடுதல் கால்கள் கூடுதலாகக் காணாமல் போகும் டீல்களைத்தான் தரும்.

டீமின் சராசரியை வைத்துத் தொடங்கி, இரண்டு காலாண்டுக்குப் பிறகு உங்கள் சொந்த விகிதத்தைப் போடுங்கள்.

படி 4: வாரத்தைப் பூட்டி வையுங்கள்

புதிய ஆட்களைத் தேடிப் பிடிக்கும் வேலைதான் யாருக்கும் பிடிக்காத வேலை. ஆகவே அதுதான் முதலில் தள்ளிப்போகும். தினமும் ஒரே நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தை இதற்கென்று காலண்டரில் பூட்டுங்கள். யாரை அழைப்பது என்ற பட்டியல் முந்தைய நாள் மாலையே தயாராக இருக்க வேண்டும். காலையில் உட்கார்ந்து பட்டியல் தேட ஆரம்பித்தால், ஒன்றரை மணி நேரமும் ‘ஆராய்ச்சி’யில் கரைந்துவிடும். உழைத்த களைப்பு வரும், ஒரு கால்கூடப் போயிருக்காது.

முன்பின் தெரியாதவரை அழைக்கும் கோல்டு காலில் முதல் இருபது நொடி போதும். யார், எதற்கு, எவ்வளவு நேரம்: “நாம இதுக்கு முன்னாடி பேசினதில்லை. உங்க டீம்ல இப்போ கிளவுட் ஆளுங்களை எடுக்கிறீங்கன்னு பார்த்தேன். அந்தச் சமயத்துல செலவு கைமீறிப் போறது பத்தி ஒரு கேள்வி கேட்கலாமா? ஒரு நிமிஷம்தான்.” ‘எப்படி இருக்கீங்க’ என்று ஆரம்பித்தால், விற்க வந்தவர் என்று எதிரில் இருப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். மெயில் என்றால் ஐந்து வரி, ஒரே கேள்வி. இணைப்பு வேண்டாம்.

தானாக வரும் விசாரணைகளை மட்டும் எதற்காகவும் காத்திருக்க வைக்காதீர்கள். ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் 2011இல் வந்த ஓர் ஆய்வுப்படி, ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் இன்னும் ஒரு மணி நேரம் கழித்து முயன்றவர்களைவிட, முடிவெடுக்கும் நபரோடு பயனுள்ள உரையாடல் அமையும் வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம். ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று விடும் லீட் இன்னொருவருடைய டீலாகிவிடும்.

படி 5: முதல் மீட்டிங்கில் விலகவும் தயாராக இருங்கள்

முதல் மீட்டிங்கில் டெமோ காட்டத் துடிப்பது இயல்பு. பொறுங்கள். அந்த அரை மணியின் வேலை, இது டீலா இல்லையா என்று கண்டுபிடிப்பது. 1990களில் பி.டி.சி. என்ற மென்பொருள் நிறுவனத்தின் சேல்ஸ் டீம் இதற்கு ஒரு சரிபார்ப்பு முறையை உருவாக்கியது. ‘மெடிக்’ என்ற பெயரில் இன்றும் பல நிறுவனங்களில் அது புழங்குகிறது. வாடிக்கையாளர் எந்த எண்ணை மாற்ற விரும்புகிறார், பணத்துக்குச் சரி சொல்பவர் யார், எதை வைத்து முடிவெடுப்பார்கள், எந்த வழியில் முடிவெடுப்பார்கள், வலி என்ன, உள்ளே நமக்காகப் பேசுபவர் யார் என்ற ஆறு விஷயங்கள்தான் அது.

முதல் மீட்டிங்கிலேயே ஆறும் கிடைக்காது. நான் முதலில் கேட்கச் சொல்லும் கேள்வி இது: “இதை எதுவும் மாற்றாமல் இன்னும் ஆறு மாதம் இப்படியே ஓட்டினால் என்ன ஆகும்?”

“ஆடிட்ல மாட்டுவோம்” என்றோ, “வர்ற மார்ச்சுக்குள்ள பழைய சிஸ்டம் லைசென்ஸ் முடியுது” என்றோ வந்தால் டீலுக்கு உயிர் இருக்கிறது. “ஒண்ணும் ஆகாது, ஆனா உங்க பிராடக்ட் நல்லா இருக்கு” என்றால் அது பாராட்டு. பாராட்டைப் பைப்லைனில் ஏற்றாதீர்கள். போட்டி நிறுவனத்திடம் தோற்பதைவிட, ‘இப்போதைக்கு வேண்டாம்’ என்ற முடிவிடம் தோற்கும் டீல்கள்தான் பலருடைய பட்டியலிலும் அதிகம்.

இரண்டாவது கேள்வி: “போன தடவை இந்த மாதிரி ஒரு மென்பொருள் வாங்கினபோது, அது யார் யார் மேஜையைத் தாண்டி வந்தது?” ‘முடிவெடுப்பவர் நீங்கள்தானா?’ என்று நேராகக் கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். பழைய கதையைக் கேட்டால் ஃபைனான்ஸ், லீகல், செக்யூரிட்டி என்று உண்மையான வழி தானாக வெளிவரும்.

உள்ளே நமக்காகப் பேசுபவர் என்று யாரையாவது நம்புகிறீர்களா? அவரிடம் சின்னதாக ஒரு வேலை கொடுத்துப் பாருங்கள். மேலதிகாரியோடு பதினைந்து நிமிடம் ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். செய்தால் ஆள் நம்மவர். இனிமையாகப் பேசிக்கொண்டே நழுவினால், நல்ல மனிதர், அவ்வளவுதான்.

படி 6: ஃபோர்காஸ்ட் மீட்டிங்கில் உண்மையைச் சொல்லுங்கள்

எந்த டீல் எப்போது முடியும் என்று கணிக்க வாராவாரம் நடக்கும் இந்தக் கூட்டம்தான் பலருக்கு வயிற்றைக் கலக்கும் இடம். அங்கே நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

“அந்த லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி டீல் இந்த மாசம் முடிஞ்சிருமா?”

“முடிஞ்சிரும்னு நினைக்கிறேன். அவங்க ரொம்ப பாசிட்டிவா இருக்காங்க.”

“அப்போ கமிட்ல போட்டுக்கிறேன்.”

அவ்வளவுதான். ‘நினைக்கிறேன்’ என்று சொன்னது மேலிடத்துக்கு வாக்குறுதியாகப் போய்விட்டது. இனி ஒவ்வொரு நாளும் அந்த டீல் பற்றிக் கேட்பார்கள். நீங்களும் வாடிக்கையாளரை நச்சரிப்பீர்கள், அவர் போனை எடுப்பதை நிறுத்துவார். அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அந்த ஒரு நொடியில் மேனேஜரின் முகத்தைப் பார்த்துச் சொன்ன பதிலிலிருந்து.

கமிட் என்றால் நிச்சயம் முடியும் என்று வாக்குக் கொடுத்த டீல், பெஸ்ட் கேஸ் என்றால் எல்லாம் கூடிவந்தால் முடியும் டீல். அதே கேள்விக்கு வேறு பதில்: “கமிட் இல்லை, பெஸ்ட் கேஸ். டெக்னிக்கல் டீம் ஓகே சொல்லியாச்சு. ஆனா ஃபைனான்ஸ் ஹெட்கிட்ட இன்னும் நாம பேசலை. வியாழக்கிழமை அவரோட மீட்டிங் இருக்கு. அது நடந்து, பட்ஜெட் எந்தத் தலைப்புல வருதுன்னு தெரிஞ்சா, வெள்ளிக்கிழமை கமிட்டுக்கு மாத்தச் சொல்றேன்.” இதில் தெரிந்தது, தெரியாதது, எப்போது தெரியும் என்பது மூன்றும் இருக்கின்றன. மேனேஜருக்கு முதல் முறை இது பிடிக்காது. மூன்று மாதம் நீங்கள் சொன்னது சொன்னபடி வந்தால், உங்களிடம் குறுக்கு விசாரணை குறையும். அவருக்கு மேலே இருப்பவர் அவரையும் இதே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மறக்க வேண்டாம்.

என்னென்ன இருந்தால் கமிட் என்று உங்களுக்கென ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய விதி: பணத்துக்குச் சரி சொல்பவரோடு நேரில் பேசியிருக்க வேண்டும், கையெழுத்துத் தேதிக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் காரணம் ஒன்று இருக்க வேண்டும், ஒப்பந்த வரைவு அவர்கள் லீகலிடம் போயிருக்க வேண்டும். நம் காலாண்டு முடிகிறது என்பது அவருக்குக் காரணமாகாது.

அப்புறம், செத்த டீல்களை மூடுங்கள். தேதி மூன்று முறை தள்ளிப்போன டீலை வைத்திருப்பது பைப்லைனை அழகாகக் காட்டும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும்.

படி 7: கடைசி மூன்று வாரம்

தேதியிலிருந்து பின்னோக்கி நடங்கள். 28ஆம் தேதி கையெழுத்து வேண்டுமென்றால், கையெழுத்திடுபவர் அன்று ஊரில் இருக்கிறாரா என்பதுதான் முதல் கேள்வி. சிரிக்க வேண்டாம், விடுமுறையில் போன ஒரே ஒரு டைரக்டரால் காலாண்டு தவறியவர்கள் உண்டு. அதற்கு முன் பர்ச்சேஸ் ஆர்டர் போட எத்தனை நாள்? நம் நிறுவனத்தை அவர்கள் சிஸ்டத்தில் வெண்டராகப் பதிவு செய்திருக்கிறார்களா? பெரிய நிறுவனங்களில் இந்தப் பதிவுக்கே இரண்டு வாரம் போய்விடும். செக்யூரிட்டி கேள்வித்தாள் நூற்றுக்கணக்கான கேள்விகளோடு வரும். அதை நிரப்பித் தருபவர் நம் பக்கத்தில் யார்? லீகல் திருத்தங்கள் எத்தனை சுற்று? இவை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு பக்கத்தில் எழுதி வாடிக்கையாளருக்கே அனுப்புங்கள். அவர் அதில் ஒரு தேதியைத் திருத்தி அனுப்பினால் டீல் நடக்கிறது. பதிலே இல்லை என்றால், இந்தக் காலாண்டில் இல்லை.

டிஸ்கவுண்ட் பற்றி ஒன்று. உங்கள் நிதியாண்டு எப்போது முடிகிறது என்பது வாங்குபவருக்குத் தெரியும். ஆரக்கிளுக்கு மே 31, மைக்ரோசாஃப்ட்டுக்கு ஜூன் 30, சேல்ஸ்ஃபோர்ஸுக்கு ஜனவரி 31 என்று பர்ச்சேஸ் துறையில் இருப்பவர்கள் காலண்டரிலேயே குறித்து வைத்திருப்பார்கள். கடைசி வாரம் வரை இழுத்தால் விலை இறங்கும் என்பது அவர்களுடைய அனுபவம். ஆகவே சும்மா இறக்காதீர்கள். விலையைக் குறைத்தால் பதிலுக்கு ஏதாவது வாங்குங்கள்: மூன்றாண்டு ஒப்பந்தம், முன்பணம், 25ஆம் தேதிக்குள் கையெழுத்து. அந்தத் தேதி தாண்டினால் அந்த விலையும் போக வேண்டும். மறுநாளும் அதே விலை கிடைக்கும் என்று தெரிந்தால், அதற்குப் பிறகு உங்கள் எந்தத் தேதியையும் அவர் நம்பமாட்டார்.

படி 8: தொடக் கூடாத எல்லை

அழுத்தம் கூடும்போது சின்னச் சின்ன வேலைகள் கண்ணில் படும். 2ஆம் தேதி வந்த கையெழுத்துக்கு 31 என்று தேதி போடுவது. ‘பிடிக்கலைன்னா மூணு மாசத்துல திருப்பிக் கொடுத்துக்கலாம்’ என்று ஒப்பந்தத்துக்கு வெளியே தனி மெயில் அனுப்புவது. இல்லாத வசதியை ‘அடுத்த ரிலீஸ்ல வருது’ என்பது.

கம்ப்யூட்டர் அசோசியேட்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் காலாண்டு முடிந்த பிறகும் கணக்கை மூடாமல் வைத்து, பிறகு வந்த ஒப்பந்தங்களை முந்தைய காலாண்டில் சேர்த்தார்கள். ‘35 நாள் மாதம்’ என்று அதற்குப் பெயரே உண்டு. ஒப்பந்தங்கள் உண்மையானவை, வாடிக்கையாளர்களும் உண்மையானவர்கள், தேதி மட்டும்தான் பொய். அதன் தலைமை நிர்வாகியாக இருந்த சஞ்சய் குமாருக்கு 2006இல் 12 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

ஆகவே “தேதியை மட்டும் மாத்திரு, எல்லாரும் பண்றதுதான்” என்று யாராவது சொன்னால், சண்டை போட வேண்டாம். “ஃபைனான்ஸ்கிட்ட கேட்டுட்டு மெயில் போடுங்க, அதன்படி செய்றேன்” என்று சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த மெயில் வராது.

படி 9: டார்கெட் தவறினால்

ஒரு காலாண்டு தவறினால், அடுத்த நாளே படி 3இல் போட்ட தாளை எடுங்கள். எங்கே உடைந்தது? மீட்டிங் எண்ணிக்கையிலா, வாய்ப்பாக மாறுவதிலா, கடைசிக் கட்டத்திலா? ‘மார்க்கெட் சரியில்லை’ என்று மேனேஜரிடம் போவதும், ‘முதல் மீட்டிங் 120க்கு 110 வந்தது, ஆனால் டெமோவுக்குப் பிறகு பாதி காணாமல் போகிறது’ என்று போவதும் ஒன்றில்லை. இரண்டாவதற்கு அவரால் உதவ முடியும்.

தொடர்ந்து தவறினால், கெடு வைத்து வேலையைச் சரிசெய்யச் சொல்லும் பி.ஐ.பி. என்ற காகிதம் வரும். சிலர் அதிலிருந்து மீண்டிருக்கிறார்கள். ஆனால் பல இடங்களில் முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கும், காகிதம் ஃபைலுக்காக. எது என்று கண்டுபிடிக்க, அதில் உள்ள இலக்கைப் பாருங்கள். டீமில் நன்றாகச் செய்பவரே 60 நாளில் தொட முடியாத எண்ணாக இருந்தால் உங்களுக்குப் பதில் தெரிந்துவிட்டது. வாரச் சந்திப்புகளின் குறிப்பை அன்றன்றே மெயிலில் போட்டு வையுங்கள், வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள். கோபத்தில் அன்றைக்கே ராஜினாமா செய்தால் வர வேண்டிய கமிஷனும் சேர்ந்து போகலாம்.

படி 10: உடம்பும் பணமும்

வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் அடைப்பு நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. காலாண்டின் கடைசி வாரத்தில் நேரம் போவதைத் தவிர்க்க முடியாது. 13 வாரமும் கடைசி வாரமாக இருப்பதைத் தவிர்க்கலாம். அதற்குத்தான் படி 4.

இரவில், டீல் விவரங்களைப் பதிவு செய்யும் சி.ஆர்.எம். செயலியைத் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்தால், போனிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எந்த டீலும் நகராது. நிராகரிப்பு பற்றியும் நிறைய அறிவுரை சொல்வார்கள். எனக்குத் தெரிந்து உதவுவது ஒன்றுதான். மோசமான காலுக்குப் பிறகு பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு, அதே பட்டியலில் அடுத்த எண்ணை அழைப்பது. தொடர்ந்து பல வாரம் தூக்கமில்லை, காலையில் மடிக்கணினியைத் திறக்கவே கை வரவில்லை, வாடிக்கையாளர்கள் மேல் காரணமில்லாமல் வெறுப்பு வருகிறது என்றால் அது சோம்பல் இல்லை. மருத்துவரைப் பாருங்கள்.

பணம்: கமிஷன் வந்த மாதத்தில் வாழ்க்கைத்தரத்தை உயர்த்தாதீர்கள். ஆறு மாதச் செலவு கையிருப்பில் இருக்கும் ஆளிடம் “தேதியை மாத்து” என்று சொல்வது கடினம். இல்லாத ஆளிடம் சுலபம்.

படி 11: கிளம்பும்போது

எப்போது கிளம்புவது? மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துகிறார், நூறு சதவீதம் தொட்டதும் டெரிட்டரியைப் பாதியாக வெட்டுகிறார்கள், முடிந்த டீலுக்கான கமிஷனைக் காரணம் சொல்லித் தள்ளுகிறார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இரண்டாம் முறை நடந்தால் போதும்.

ராஜினாமா தேதியைக் கமிஷன் திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பல திட்டங்களில், பணம் வழங்கும் நாளில் வேலையில் இருப்பவருக்குத்தான் கமிஷன் என்று ஒரு வரி இருக்கும். இரண்டு வாரம் முன்னால் போனால் ஒரு காலாண்டு உழைப்பு போய்விடும். வாடிக்கையாளர் பட்டியலையோ விலைப் பட்டியலையோ சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து, வழக்கு வரும். உங்களுடையது என்று எடுத்துப்போகக் கூடியவை உங்கள் சம்பளச் சீட்டுகள், கமிஷன் திட்ட நகல், காலாண்டு வாரியாக எத்தனை சதவீதம் தொட்டீர்கள் என்று நீங்களே எழுதி வைத்த குறிப்பு. அடுத்த இன்டர்வியூவில் முதல் பத்து நிமிடத்துக்குள் அதைத்தான் கேட்பார்கள்.